அவர் கூப்பிட வழி இருக்கிறதா?

ஆண்டின் பொதுக்காலம் 30ஆம் ஞாயிறு – இரண்டாம் ஆண்டு
வாசகங்கள்: எரேமியா 31: 7-9, எபிரேயர் 5: 1-6, மாற்கு 10: 46-52
(வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)



எங்கள் குடும்பத்தில் நடந்த ஒன்றைச் சொல்லி இன்றைய நற்செய்திக்குள் போகலாம் என்று நினைக்கிறோம். பெருமைப்படும்படியான கதை அல்ல. ஆனாலும் உங்களில் பலருடைய வீட்டில் இதுவே வேறு விதமாக நடந்திருக்கலாம்.

நாங்கள் உடன்பிறந்தவர்கள் நான்கு பேர். சிறுவயதிலேயே தாயை இழந்த எங்களை வளர்த்தவர் எங்கள் சித்தி. அவருக்குச் சொந்தப் பிள்ளைகள் இல்லை, நாங்கள்தான் பிள்ளைகள். இப்போது அவருக்கு 81 வயது. சித்தப்பா இறந்த பிறகு தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு கடற்கரை ஊரில் தனியாக இருக்கிறார். எங்களோடு வந்து இருங்கள் என்று கூப்பிட்டால், "கோயில் மணி கேக்காத ஊர்ல எனக்குத் தூக்கம் வராது" என்பார். அவர் இருக்க விரும்பும் இடத்தில் இருக்கிறார். நாங்கள் ஒருவர் சென்னையில், ஒருவர் மதுரையில், ஒருவர் துபாயில், ஒருவர் பங்கு இல்லத்தில்.

கடந்த கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு எல்லாரும் ஊருக்குப் போயிருந்தோம். அண்ணன் வீட்டில் ஒரு பழைய டேப் சும்மா கிடந்தது. 2020-இல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது மகளின் ஆன்லைன் வகுப்புக்காக வாங்கியது. அவள் கல்லூரிக்குப் போய்விட்டாள். மூலையில் சிறு கீறலோடு அது அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது. 'சித்திக்குக் கொடுத்தால் நம் முகத்தைப் பார்த்துப் பேசுவாரே' என்று தோன்றியது. நல்ல எண்ணம்தான்.

"சித்தி, உங்களுக்கு ஒரு டேப்லெட் கொண்டு வந்திருக்கோம்" என்றதும் அவர் முகம் வாடிவிட்டது. "இன்னொன்னா? காலையில மூணு, ராத்திரி ரெண்டு முழுங்குறதே போதும்யா." வீடே சிரித்தது. மாத்திரை இல்லை, படம் பார்த்துப் பேசும் பலகை என்று விளக்கினோம். ரயிலுக்கு நேரமாகிவிட்டது. இருபது நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. வாட்ஸ்அப் போட்டோம், யூடியூப் போட்டோம், செபமாலை செயலி ஒன்று, விவிலியச் செயலி இரண்டு. கடைசியாக ஒரு காரியம் செய்தோம். சித்தியிடம் ஒரு பட்டன் போன் இருந்தது. 'இரண்டு எதற்கு? ஒன்றே போதும்' என்று அதிலிருந்த சிம் கார்டைக் கழற்றி டேப்பில் போட்டுவிட்டோம். பட்டன் போன் மேசை இழுப்பறைக்குள் போனது.

அதன்பிறகு ஞாயிறுதோறும் கூப்பிட்டோம். சில நாள் எடுத்தார். அவர் நெற்றி மட்டும் தெரியும், சில நேரம் மின்விசிறி மட்டும். பல நாள் எடுக்கவில்லை. 'கோயிலுக்குப் போயிருப்பார்' என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம்.

உயிர்ப்பு ஞாயிறு முடிந்து எங்களில் குருவானவர் இரண்டு நாள் ஓய்வுக்கு ஊருக்குப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. டேப், மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில், பூவேலை செய்த துணியால் மூடி வைக்கப்பட்டிருந்தது. சார்ஜ் இல்லை. சித்தி ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுச் சகோதரிதான் சொன்னார்: "சாமி, மாசி மாசம் ராத்திரி பின்வாசப் படியில வழுக்கி விழுந்துட்டாங்க. உங்களுக்குச் சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காங்க."

விழுந்தவர் முன்னறைவரை தவழ்ந்தே வந்திருக்கிறார். டேப் கைக்கு எட்டியிருக்கிறது. திரையைத் தொட்டிருக்கிறார். ஏதேதோ படங்கள் நகர்ந்தன. ஒரு படம் ஆடிக்கொண்டே விரலோடு வந்ததாம். பயந்துபோய் விட்டுவிட்டார். விடியற்காலை கோயில் மணி அடித்து, பக்கத்து வீட்டில் கதவு திறக்கும் சத்தம் கேட்கும்வரை சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருந்திருக்கிறார். ஆண்டவர் அருளால் எலும்பு முறியவில்லை. கணுக்கால் சுளுக்கோடு போயிற்று.

"ஏன் சித்தி கூப்பிடல?" என்று கேட்டபோது அவர் சொன்ன பதிலை எங்களில் யாரும் மறக்க முடியவில்லை. "பழைய போன்ல ரெண்டை அமுக்கிப் பிடிச்சா மதுரைக்குப் போகும். மூணை அமுக்கினா மெட்ராஸ். கண்ணு தெரியாட்டியும் விரலுக்குத் தெரியும். இதுல நீங்க கூப்பிட்டா எடுக்கத்தான் சொல்லிக் கொடுத்தீங்க. நான் கூப்பிடணும்னா எப்படின்னு யாரும் சொல்லலியே சாமி."

அன்புக்குரியவர்களே, நாம் பரிசு கொடுத்ததாக நினைத்த நாளில் உண்மையில் அவரிடமிருந்து ஒன்றைப் பறித்திருந்தோம். நமக்கு நேரம் இருக்கும்போது அவரைப் பார்ப்பதற்கு ஒரு சன்னல் வைத்தோம். அவருக்குத் தேவைப்படும்போது நம்மைத் தட்டுவதற்கு இருந்த கதவை அடைத்துவிட்டோம்.

இந்தச் சுமையோடு எரிகோவின் சாலைக்கு வருவோம்.

பர்த்திமேயு வழியோரம் உட்கார்ந்து பிச்சை எடுக்கிறார். இயேசு போகிறார் என்று கேள்விப்பட்டதும் கூப்பிடத் தொடங்குகிறார். சுற்றியிருந்தவர்கள் என்ன செய்கிறார்கள்? பேசாதிருக்கும்படி அதட்டுகிறார்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்ல. இயேசுவோடு நடந்து வந்தவர்கள், எருசலேம் திருவிழாவுக்குப் போகிற பக்தர்கள். அவர்களுக்கு அவசரம்; நமக்கு ரயிலைப் பிடிக்க இருந்த அவசரம் போல. ஆனால் அந்த மனிதர் இன்னும் உரக்கக் கத்துகிறார். அப்போது நடந்ததை மாற்கு மிகச் சுருக்கமாகச் சொல்கிறார்: இயேசு நின்றார். சாகப்போகும் எருசலேமை நோக்கி நடந்துகொண்டிருந்தவர், ஒரு பிச்சைக்காரரின் குரலுக்காக நின்றார். கூட்டத்தையே தூதாக்கி, அவரை அழைத்து வரச் சொன்னார்.

அடுத்து ஆண்டவர் கேட்கும் கேள்வி நம்மை வியக்க வைக்கிறது. பார்வையற்றவர் என்பது எல்லாருக்கும் தெரியும். என்ன வேண்டும் என்று கேட்க என்ன இருக்கிறது? ஆனாலும் ஆண்டவர் கேட்கிறார். அவருக்காக என்ன செய்ய வேண்டும் என்பதை அவர் வாயாலேயே சொல்ல வைக்கிறார். எது நல்லது என்று தெரிந்திருந்தும், கேட்காமல் கொடுக்கவில்லை. மாற்கு விவரிக்கும் குணமளிக்கும் நிகழ்ச்சிகளில், நலம் பெற்றவரின் பெயர் சொல்லப்படுவது இங்கே மட்டும்தான் என்பதையும் கவனிக்கலாம். ஊருக்கு அவர் ஒரு குருடர். நற்செய்திக்கு அவர் பர்த்திமேயு, திமேயுவின் மகன்.

நாம் சித்தியிடம் கேட்கவே இல்லை. அவர் வயதைப் பார்த்தோம், தனிமையைப் பார்த்தோம், நம் அலமாரியில் கிடந்த பொருளைப் பார்த்தோம். எல்லாம் பொருந்தியதாகத் தோன்றியது. அவர் வாய் திறக்க இடமில்லை.

அந்த இரண்டு நாள் ஓய்வில் நாங்கள் செய்ததை மூன்று படிகளாகச் சொல்கிறோம். உங்கள் வீட்டிலும் ஒரு பழைய டேப்போ, பிள்ளைகள் மாற்றிப் போட்ட போனோ பெரியவர்கள் கைக்குப் போகுமானால், இது உதவலாம்.

முதல் படி, கேட்பது.

துணியை விலக்கி டேப்பை மடியில் வைத்துக்கொண்டு, "சித்தி, இதுல உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டோம். முதலில், "எனக்கு எதுக்கு? அது பாப்பாவோட சாமான். திறந்தா அவ பேருதான் வருது. உடைஞ்சா என்ன பதில் சொல்றது?" என்றார். அப்போதுதான் உறைத்தது. அண்ணன் மகளின் கணக்கிலேயே அதைக் கொடுத்திருந்தோம். அவள் பெயர், அவள் பள்ளி அறிவிப்புகள், அவள் தோழிகள் அனுப்பிய வாழ்த்துகள். தன் வீட்டிலேயே இன்னொருவர் பொருளுக்குக் காவல்காரராக இருந்திருக்கிறார் சித்தி.

பழைய பொருளைக் கொடுப்பது தவறில்லை. நம் ஊரில் அண்ணன் சட்டை தம்பிக்கு வரும், பெரியம்மாவின் பட்டுச்சேலை கல்யாணப் பெண்ணுக்கு வரும். இறைவாக்கினர் எலிசாவுக்குக் கிடைத்ததும் எலியாவின் பழைய போர்வைதான். ஆனால் அந்தப் போர்வை கைக்கு வருமுன், நின்றுகொள் என்று எலியா சொல்லியும், பெத்தேலிலும் எரிகோவிலும் யோர்தானிலும் எலிசா அவரை விட்டுப் பிரியவில்லை. கூட நடந்த நடையால்தான் அந்தப் பழைய துணிக்கு மதிப்பு வந்தது.

ஆகவே பழையதைக் கொடுக்குமுன் அதை அவருடையதாக்க வேண்டும். கண்ணாடியின் கீறல் விரலைக் கிழிக்காதபடி மேலே ஒரு தாள் ஒட்டுங்கள். பேட்டரி உப்பி, மூடி தூக்கிக்கொண்டு நிற்கிறதா என்று பாருங்கள்; உப்பியிருந்தால் அதைப் பெரியவர்கள் பக்கத்திலேயே வைக்கக் கூடாது. முன்பு வைத்திருந்தவரின் கணக்கை முறையாக நீக்கிய பிறகே எல்லாவற்றையும் அழியுங்கள். முதலில் அழித்துவிட்டால், பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டுக்கொண்டு அது அடம்பிடிக்கும். நாங்கள் விடுதியில் இருந்த அண்ணன் மகளைப் போனில் பிடித்து ஒவ்வொன்றாகக் கேட்டுச் செய்தோம். எல்லாம் அழிந்து, மொழி எது என்று அது கேட்டபோது தமிழைத் தொட்டோம். பெயர் கேட்டபோது சித்தியின் திருமுழுக்குப் பெயரைத் தமிழில் பதிந்தோம். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டி வாசித்தார். "என் பேரு" என்றார். அவ்வளவுதான். அதன்பிறகு அது பாப்பாவின் சாமான் இல்லை.

பிறகு சொன்னார், தனக்கு என்ன வேண்டும் என்று. இரண்டே இரண்டு. "நான் கூப்பிடணும். அப்புறம் சித்தப்பா கேக்குற ரேடியோ வருமா?"

உங்களில் மூத்தவர்களுக்குத் தெரியும். மணிலாவிலிருந்து வேரித்தாஸ் தமிழ்ப்பணி, உரோமையிலிருந்து வத்திக்கான் வானொலி. திருகுக் குமிழைத் திருப்பித் திருப்பி, கடல் இரைச்சலுக்குள் தமிழ்க் குரலைத் தேடிப் பிடித்த இரவுகள். வத்திக்கான் வானொலி 1931 பிப்ரவரி 12 அன்று, மார்க்கோனியே அமைத்துக் கொடுக்க, திருத்தந்தை 11ஆம் பயஸ் தொடங்கி வைத்தது. வேரித்தாஸ் வானொலியின் சிற்றலை ஒலிபரப்பு 2018 ஜூன் இறுதியோடு நின்று இணையத்துக்கு மாறியது. இணையம் இருக்கிறவர்களுக்கு அது வசதி. எங்கள் சித்தியின் வீட்டிலோ அன்று ஒரு குரல் நின்றுபோயிருந்தது. சித்தப்பா போனபின் அந்தப் பெட்டியை அவர் துடைத்து மட்டும் வைத்திருந்தார். இத்தனை ஆண்டுகள் அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. நாங்கள் போட்டுக் கொடுத்த செயலிகளில் அவர் கேட்ட இந்த இரண்டும் இல்லை.

இரண்டாம் படி, பொறுமை.

இன்றைய இரண்டாம் வாசகம், எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமுகம், தலைமைக் குருவைப் பற்றிச் சொல்லும்போது ஒரு நுட்பமான காரணம் தருகிறது. அவரும் வலுவின்மைக்கு உட்பட்டவர். ஆகவே அறியாதவர்களிடமும் வழிதவறியவர்களிடமும் பரிவு காட்ட அவரால் முடிகிறது. தன் தடுமாற்றத்தை மறந்தவரால் இன்னொருவருக்குக் கற்றுக் கொடுக்க முடியாது. நமக்கு மிதிவண்டி ஓட்டச் சொல்லிக் கொடுத்தவர்கள் எத்தனை முறை பின்னால் ஓடி வந்தார்கள்? 'அ' எழுத எத்தனை நாள் கை பிடித்தார்கள்? சித்தி நமக்குக் கர்த்தர் கற்பித்த செபம் சொல்லிக் கொடுத்தபோது கடிகாரத்தைப் பார்த்தாரா? அப்படியிருக்க, ஒரு விசையை மூன்றாம் முறை சொல்லும்போது நம் குரல் ஏன் உயர்கிறது?

படம் ஆடிக்கொண்டு விரலோடு வந்தது என்றாரே, அதன் காரணத்தையும் கண்டுபிடித்தோம். பெரியவர்கள் திரையைத் தொடும்போது பட்டன் போனை அமுக்குவது போலவே அழுத்திப் பிடிக்கிறார்கள். அதைத் 'தொட்டாய்' என்று கொள்ளாமல் 'இடம் மாற்றச் சொல்கிறாய்' என்று இயந்திரம் எடுத்துக்கொள்கிறது. பல டேப்புகளில், மாற்றுத்திறனாளிகளுக்கான அமைப்புகளுக்குள் போனால், எவ்வளவு நேரம் அழுத்தினால் 'பிடித்தல்' என்று கொள்ளலாம் என்பதை நீட்டிவைக்க இடம் இருக்கிறது. நீட்டி வைத்தோம். எழுத்தைப் பெரிதாக்கினோம். திரை தானாகத் திரும்புவதை நிறுத்தினோம். அரை நிமிடத்தில் அணையும் திரையைப் பத்து நிமிடம் விழித்திருக்க வைத்தோம். வயதானால் விரல் நுனி காய்ந்து போகும். தொட்டாலும் சில நேரம் திரைக்குத் தெரியாது. கையை ஈரத்துணியில் ஒற்றிக்கொண்டு தொடச் சொன்னோம்.

யோசித்துப் பாருங்கள். பொறுமையாக இரு என்று ஒரு இயந்திரத்துக்குச் சொல்லிவைக்க முடிகிறது, அது கேட்கிறது. நாம்?

முகப்பில் எங்கள் நால்வரின் படங்களை மட்டும் பெரிதாக வைத்தோம், ஐந்தாவதாக வானொலி. மற்ற எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம். படத்தைத் தொட வேண்டும், பிறகு மேலே இருக்கும் கேமரா குறியைத் தொட வேண்டும். இரண்டே தொடுதல். அதைப் பெரிய எழுத்தில் ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டினோம். நாங்கள் தொட்டுக் காட்டவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். அவரே தொட்டார். தவறினார். மறுபடி தொட்டார். எத்தனை முறை என்று எண்ணவில்லை. மாலையில் மதுரைக்கு மணி அடித்தது. தங்கை எடுத்தாள். "நான்தான் கூப்பிட்டேன்" என்றார் சித்தி. அந்த 'நான்தான்' என்ற சொல்லில் இருந்த மகிழ்ச்சியை என்ன சொல்வது? பர்த்திமேயு மேலுடையை எறிந்துவிட்டுத் துள்ளி எழுந்தார் என்று மாற்கு எழுதுகிறார். அந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் மடித்து வைக்கப்பட்ட அந்தப் பூவேலைத் துணி எங்கள் நினைவுக்கு வருகிறது.

இன்னொன்றும் செய்தோம். பழைய சிம்மை மறுபடியும் பட்டன் போனிலேயே போட்டோம். டேப்புக்கு வேறு சிம். விரலுக்குத் தெரிந்த பழைய வழியை மூடாமல் புதிய வழியைத் திறப்பதே சரி. மாதாமாதம் ரீசார்ஜ் செய்வது துபாயில் இருக்கும் தம்பியின் பொறுப்பு என்று பெயர் சொல்லி ஒப்படைத்தோம். எல்லாருடைய பொறுப்பும் யாருடைய பொறுப்பும் இல்லாமல் போகும்.

மூன்றாம் படி, காவல்.

தொடக்க நூலில் ஈசாக்கு முதியவராகிப் பார்வை மங்கியிருக்கிறார். யாக்கோபு அண்ணன் ஏசாவின் உடையை உடுத்தி, கையிலும் கழுத்திலும் ஆட்டுக்குட்டியின் தோலைப் போர்த்திக்கொண்டு வருகிறார். ஈசாக்கு முட்டாள் அல்ல. குரல் யாக்கோபுடையது என்று கண்டுகொள்கிறார், தடவிப் பார்க்கிறார், மறுபடியும் கேட்கிறார். அத்தனை சந்தேகம் இருந்தும் ஏமாந்தார். காரணம், திரும்பிப் பார்த்து 'இது சரியா?' என்று கேட்க அவர் பக்கத்தில் நம்பிக்கையான ஆள் இல்லை.

இன்றைக்கு அந்தத் தோல் வேறு. காவல்துறைச் சீருடை அணிந்த ஒருவர் வீடியோ அழைப்பில் வருகிறார். உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருந்தது என்கிறார், உங்களை டிஜிட்டல் முறையில் கைது செய்திருக்கிறோம், திரையை விட்டு நகரக் கூடாது, யாரிடமும் சொல்லக் கூடாது என்கிறார். அன்புப் பெரியவர்களே, நம் நாட்டுச் சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. வீடியோ அழைப்பில் எந்தக் காவல்துறையும் பணம் கேட்காது. உங்களைத் தேடி ஓடிபி எண் கேட்கும் வங்கி ஊழியர் யாரும் இல்லை. 'யாரிடமும் சொல்லாதே' என்று ஒருவர் சொன்னால், அந்த நிமிடமே யாரிடமாவது சொல்லுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். எவ்வளவு விரைவாகச் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.

சித்தியின் டேப்பில் வங்கிச் செயலியோ யுபிஐயோ நாங்கள் போடவில்லை. அறிமுகமில்லாத எண் வந்தால் எடுக்க வேண்டாம் என்றோம். திரையைப் பூட்ட நான்கு எண்களை அவரே தேர்ந்தெடுத்தார். எங்களிடம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஒரு சீட்டில் எழுதித் தம் செபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார். காவல் என்பது கண்காணிப்பு அல்ல. 81 வயதுப் பெண்மணிக்கும் ஓர் அந்தரங்கம் உண்டு.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. வீட்டுப் பெரியவர் ஏமாந்துவிட்டால் அவரைத் திட்டாதீர்கள். திட்டு வாங்கியவர் அடுத்த முறை மறைப்பார். எங்கள் சித்தி விழுந்ததை மறைத்தாரே, ஏன்? நமக்குத் தொந்தரவு என்று நாம் அவரை நினைக்க வைத்திருந்தோம். அவர் மௌனத்துக்குப் பொறுப்பு நம்முடையது.

இதைச் சொல்லிக்கொண்டே குருக்களாகிய நாங்கள் தப்பித்துக்கொள்ள முடியாது. 2020-இல் கோயில்கள் பூட்டிக் கிடந்தபோது திருப்பலியை நேரலையில் காட்டினோம். அது அந்த நேரத்துக்கு ஆண்டவர் தந்த உதவி. கோயில் திறந்தது, கேமராவும் தொடர்ந்தது. ஆனால் முதல் வெள்ளிக்கிழமைகளில் நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டு செல்லும் பட்டியல் மட்டும் மெல்ல மெல்லச் சுருங்கிப்போனது. 'வீட்டில் பார்க்கிறார்களே' என்று நாங்களும் சொல்லிக்கொண்டோம். ஒருநாள் படுக்கையில் இருந்த ஒரு பெரியவர், "தோத்திரம் சாமி. பூசை தினமும் பாக்குறேன். நன்மை எப்ப வரும்?" என்று கேட்டார். எங்களுக்குப் பதில் இல்லை. திரையில் திருப்பலியைக் காட்டலாம், அப்பத்தை நாவில் வைக்க ஒரு கை வேண்டும். சித்தியின் வீட்டில் நாங்கள் செய்த அதே தவறைப் பங்கிலும் செய்திருந்தோம். எங்கள் குரல் அவர்களை எட்டியது. அவர்கள் குரல் எங்களை எட்ட வழி வைக்கவில்லை. அந்தப் பட்டியலை மறுபடி எழுதத் தொடங்கியிருக்கிறோம். உங்கள் தெருவில் யாராவது விடுபட்டிருந்தால், கோயில் அலுவலகத்தில் வந்து சொல்லுங்கள்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் தூக்கியெறியும் கலாச்சாரத்தைப் பற்றி அடிக்கடி எச்சரித்தார். 2021-இல், ஜூலை மாத நான்காம் ஞாயிறைத் தாத்தா பாட்டிகள் மற்றும் முதியோருக்கான உலக நாளாக ஏற்படுத்தினார். இயேசுவின் தாத்தா பாட்டியான புனித சுவக்கின், அன்னம்மாள் திருநாளான ஜூலை 26-ஐ ஒட்டி அந்த நாள் வருகிறது. நல்லது. ஆனால் அந்த ஒரு நாளில் மாலை போட்டுவிட்டு, மீதி நாள்களில் அவர்கள் கூப்பிட்டால் 'மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் பேசுறேன்' என்று வைத்துவிட்டால் அந்த மாலைக்குப் பொருள் இல்லை.

இதில்தான் உண்மையான செலவு இருக்கிறது, அன்புக்குரியவர்களே. சித்தி கூப்பிடக் கற்றுக்கொண்ட பிறகு எங்களுக்குத் தொல்லை கூடியது என்பதே உண்மை. மதிய வேளையில் கூப்பிடுவார். துபாயில் வேலை நேரத்தில் கூப்பிடுவார். சில நேரம் ஒன்றும் பேசாமல் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, சாப்பிடு" என்று வைத்துவிடுவார். டேப்பைச் சரிசெய்ய இரண்டு நாள் போதுமாக இருந்தது. எடுக்க வேண்டிய அழைப்புகள் அவர் வாழும்வரை. இதற்குத் தயாராக இல்லாதவர், பழைய டேப்பைக் கொடுப்பதால் பெரிதாக ஒன்றும் நடக்காது.

கடவுள் நம்மோடு வைத்திருக்கும் உறவு இப்படிப்பட்டதுதான். தமக்கு விருப்பமான நேரத்தில் மட்டும் நம்மைப் பார்த்துவிட்டுப் போகும் கடவுளை நாம் அறியோம். எந்த நேரத்திலும் கூப்பிடும் உரிமையை நமக்குத் தந்திருக்கிறார். அதைத்தான் செபம் என்கிறோம். நாமும் தப்புத் தப்பாகத்தான் கூப்பிடுகிறோம், நெற்றி மட்டும் தெரிய, அவருக்கு ஏற்கெனவே தெரிந்ததையே மறுபடி மறுபடி சொல்லிக்கொண்டு. அவர் ஒருநாளும் வைத்துவிடுவதில்லை. முதல் வாசகத்தில் எரேமியா காட்டும் ஊர்வலத்தைப் பாருங்கள். அடிமைத்தனத்திலிருந்து வீடு திரும்பும் கூட்டத்தில் பார்வையற்றோரும் கால் ஊனமுற்றோரும் கருவுற்ற பெண்களும் நடக்கிறார்கள். அவர்கள் இடறாதபடி நேரான வழியில், நீரோடைகளின் ஓரமாக ஆண்டவர் நடத்துகிறார். மெதுவாக நடப்பவரின் வேகமே அந்த ஊர்வலத்தின் வேகம்.

இந்த வாரம் ஒரு காரியம் செய்வோம். நம் குடும்பத்தில் மூத்தவர் ஒருவரிடம் போய் உட்கார்ந்து, அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்போம். அவர் கையில் என்ன கருவி இருந்தாலும், நம் முன்னிலையிலேயே அவர் ஒருமுறை நம்மைக் கூப்பிடட்டும். மணி அடித்தால் நல்லது. அடிக்காவிட்டால், அடிக்கும்வரை எழுந்திருக்க வேண்டாம்.

செபிப்போம். எங்கள் அன்புத் தந்தையே, எரிகோ சாலையில் உம் திருமகன் நின்றார். எங்களையும் நிற்கச் செய்யும். எங்களை வளர்த்த கைகள் நடுங்கும்போது, அதட்டுகிற கூட்டமாக எங்களை விட்டுவிடாதேயும். தனியாக இரவைக் கழிக்கும் ஒவ்வொரு முதியவரின் அருகிலும் நீர் இரும். அவர்கள் கூப்பிடும்போது எடுத்துப் பேசும் மனத்தை எங்களுக்குத் தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.

எல்லாம் வல்ல இறைவன், தந்தை, மகன், தூய ஆவியார் உங்களை ஆசீர்வதிப்பாராக.